பையைத் திறக்கும் முன் 15 நிமிடம்: சென்னையில் லாட்ஜ் அறை எடுப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் ஒரு லாட்ஜ் அறையைப் பொறுத்தவரை, பேசிச் சாதிக்கும் பலம் உங்களிடம் இருப்பது பையைத் திறக்கும் வரைதான். துணியை எடுத்து ஹேங்கரில் மாட்டி, கட்டிலில் ஒருமுறை சாய்ந்து எழுந்துவிட்டீர்கள் என்றால் அறை உங்கள் தலையில் கட்டப்பட்டாயிற்று. அதன் பிறகு ஏசி ஒழுகினாலும் கீசர் சுடாவிட்டாலும் "ரூம் எல்லாம் ஃபுல் சார், காலைல பாத்துக்கலாம்" என்பதுதான் பதிலாக வரும். ரிசப்ஷனில் இருக்கும் அதே ஆள், பை இன்னும் ரூம் பாய் கையில் இருக்கும்போது நீங்கள் கேட்டால், இன்னொரு சாவியை எடுத்துக் கொடுப்பார்.

நாள் வாடகை 1,500 முதல் 4,000 ரூபாய் வரையிலான அறைகளை வைத்து எழுதியது இது. எழும்பூர் கென்னட் லேன், காந்தி இர்வின் சாலை, பெரியமேடு, தி.நகர், வடபழனி, கோயம்பேடு என்று நகரத்தில் பெரும்பாலானோர் தங்குவது இந்த விலையில்தான். குறைகளை ஆள் நேரில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டிய விலையும் இதுதான்.

போனில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: "24 மணி நேர செக்-அவுட்டா, 12 மணி செக்-அவுட்டா?" தென்மாவட்ட ரயில்கள் பலவும் விடியற்காலையில்தான் எழும்பூர் வந்து சேரும். காலை 5 மணிக்கு அறை எடுத்து, மறுநாள் அதிகாலை வரை தங்குகிறீர்கள் என்று வையுங்கள். 24 மணி நேரக் கணக்கில் ஒரு நாள் வாடகை. பகல் 12 மணிக் கணக்கில், அன்று நண்பகலோடு ஒரு நாள் முடிந்து, அங்கிருந்து இரண்டாம் நாள் தொடங்கும். 2,000 ரூபாய் அறை 4,000 ஆகிவிடும். எழும்பூர்ப் பக்கத்துப் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேர வழக்கம் இன்னும் உண்டு. பளபளப்பான புது ஹோட்டல்கள் கொடுக்காத வசதி இது, அதிகாலை ரயில்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வசதியும் இல்லை.

இரண்டாவது, வரியோடு எவ்வளவு? 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். முன்பு இந்த அறைகளுக்கு 12 சதவீதம் இருந்தது. 2,400 ரூபாய் அறைக்கு இப்போது 2,520 கொடுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 2,688 கேட்டால் பில்லில் வரி விகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஜன்னல் வெளியே திறக்குமா, டக்ட் பக்கமா? டக்ட் என்பது குழாய்கள் இறங்கும் காற்றுக் கிணறு. "விண்டோ இருக்கு சார்" என்பது பொய்யாக இருக்காது. ஜன்னலைத் திறந்தால் 3 அடியில் அடுத்த சுவரும், எல்லாக் குளியலறை எக்ஸாஸ்டும் சேர்ந்து ஊதும் வாடையும் இருக்கும், அவ்வளவுதான். கேள்வியை இப்படிக் கேட்டால் தப்பாது: "ஜன்னலைத் திறந்தா வானம் தெரியுமா?"

நான்காவது, லிஃப்ட் உண்டா? பழைய கட்டடங்களில் வயதானவர்களோடு மூன்றாம் மாடி என்றால் இதை விடக்கூடாது.

செயலி வழியாகப் பதிவு செய்திருந்தாலும் புறப்படுவதற்கு முன் லாட்ஜுக்கே போன் போட்டு, பதிவு எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். "அந்த ஆப்ல நாங்க இல்லியே சார்" என்ற பதிலை நடுராத்திரி வாசலில் நின்று கேட்பதைவிட மதியம் போனில் கேட்பது நல்லது. இன்னொன்று: தமிழ்நாட்டில் "ஹோட்டல்" என்றால் முதலில் இட்லிதான். வழி கேட்கும்போது "லாட்ஜ்" என்றே கேளுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டுக் கடைக்குக் கை காட்டுவார்கள்.

எந்த வட்டாரம் என்பது வேலையைப் பொறுத்தது. தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. எழும்பூரிலிருந்து அது சுமார் 30 கிலோமீட்டர். திரும்பும் பஸ் அங்கிருந்து என்றால் அந்தப் பயண நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்குப் பக்கம் சிகிச்சைக்கு வருபவர்களுக்கென்றே சமையல் வசதியோடு அறைகள் கிடைக்கும். நோயாளிக்குக் கஞ்சி வைக்க வேண்டியவர்கள் அதைத்தான் தேட வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் வேறு ரகம். அவை பெரும்பாலும் மாத வாடகைக்குத் தங்கும் தனி ஆட்களுக்கானவை.

எந்த மாடி கேட்பது

ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது மாடியைக் கேளுங்கள். காரணம் உண்டு.

மேல் மாடியில் இரண்டு குறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை மொட்டைமாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நள்ளிரவு வரை அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். ஏசி ஓடும், அறை குளிராது. அடுத்தது தண்ணீர். தொட்டி மொட்டைமாடியில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் மேல்மாடி ஷவருக்கு 0.3 பார்தான் கிடைக்கும், தண்ணீர் சொட்டும். மூன்று மாடி கீழே அதே ஷவர் நன்றாகவே பாயும்.

கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் கொசு, தெரு இரைச்சல், ஜெனரேட்டர் புகை. கட்டடத்திலேயே பார்ட்டி ஹால் இருந்தால் அது பெரும்பாலும் முதல் மாடியில்தான் இருக்கும். முகூர்த்த நாள் என்றால் இரவு 11 மணி வரை அங்கிருந்து பாட்டு வரும்.

மாடி சரியாக அமைந்தாலும் லிஃப்டை ஒட்டிய அறை வேண்டாம். கதவு திறந்து மூடும் சத்தமும் "ப்ளீஸ் க்ளோஸ் த டோர்" குரலும் இரவெல்லாம் கேட்கும். மேற்குப் பார்த்த சுவர் மாலை 6 மணிக்குக் கை வைக்க முடியாமல் கொதிக்கும், கோடையில் அதையும் தவிருங்கள். ஸ்டேஷன் எதிரே, சாலையைப் பார்த்த அறையைவிடப் பின்பக்க அறை தூக்கத்துக்கு நல்லது.

ரிசப்ஷனில்

ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கி அதையே கொடுக்கலாம். ஓட்டுநர் உரிமமும் வாக்காளர் அட்டையும் போதும். நகலின் மேல் தேதியையும், எதற்காகக் கொடுத்தது என்பதையும் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருபவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ் அதைக் குடிவரவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். "சி ஃபார்ம்" என்பார்கள். அதற்கான பதிவு இல்லாத சின்ன லாட்ஜுகள், தமிழில்தானே பேசுகிறார்கள் என்று முதலில் சாவியைக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரிப்பதுண்டு. போனிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அதில் நுழைந்த நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரக் கணக்கில் அந்த நேரம்தான் உங்கள் சாட்சி. இவ்வளவும் முடித்துவிட்டு, கையெழுத்துக்கு முன் ஒரு வரி: "ரூமைப் பாத்துட்டு வந்து சைன் பண்றேன்." மறுக்கும் லாட்ஜ் அரிது.

அந்த 15 நிமிடம்

வரிசைதான் இங்கே சூட்சுமம். நேரம் பிடிக்கும் இரண்டையும் முதலில் போட்டுவிட்டு, அவை ஓடும் நேரத்தில் மற்றதைப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் முதலில் கீசர் சுவிட்ச், அடுத்து ஏசி. பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள், வாசலருகே தரையிலோ மேசை மேலோ வையுங்கள். ஏன் என்பது மெத்தையைப் பார்க்கும்போது புரியும்.

*கட்டில் (2 முதல் 6-வது நிமிடம் வரை).* தலைமாட்டுப் பக்க மூலையில் பெட்ஷீட்டைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலைப் போன் டார்ச்சில் பாருங்கள். தையல் மடிப்பில் பேனா முனையால் குத்தியது போல் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். சந்தேகம் என்றால் ஈரமான டிஷ்யூவால் தேயுங்கள். துருநிறக் கறை பரவினால் உறுதி. பூச்சியே கண்ணில் பட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், பகலில் அது வெளியே வராது. வளர்ந்தது தட்டையாக, செம்பழுப்பில், உளுந்து அளவு இருக்கும். நான்கு மூலை, கட்டில் சட்டம் சேரும் இடுக்கு, சுவரோடு சேர்ந்த தலைமாட்டுப் பலகையின் பின்புறம், இந்த மூன்று இடமும் போதும்.

அடையாளம் கண்டால் அதே மாடியில் பக்கத்து அறையை ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவர் இடுக்கு வழியாகவும் வயர் குழாய் வழியாகவும் அது அடுத்த அறைக்குப் போகும். வேறு மாடி, அல்லது வேறு லாட்ஜ். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூச்சி இது. ஒன்று பைக்குள் ஏறினால் வீட்டுக் கட்டில் வரை வந்துவிடும். சந்தேகமான இடத்தில் தங்கித் திரும்பினால் துணி எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். நாப்தலின் உருண்டை இதற்கு உதவாது.

அப்படியே மெத்தையின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்துங்கள். கை குழியில் இறங்கினால் முதுகும் இறங்கும். இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு "டபுள்" என்பதும் உண்டு. நடுவில் இருக்கும் பள்ளத்தில் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது.

*கதவு (7-வது நிமிடம்).* சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கதவைத் தோளால் ஒரு முறை தள்ளிப் பாருங்கள். மரம் ஊறிப் போய்த் தாழ்ப்பாள் குழிக்குள் நுழையாத கதவுகள் மழைக்காலத்தில் நிறைய. பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு இருந்தால் அதன் தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். விளக்கை அணைத்து, கட்டிலைப் பார்த்திருக்கும் கடிகாரம், புகை உணரி, சார்ஜர் போன்றவற்றில் டார்ச் அடியுங்கள். கேமரா லென்ஸ் இருந்தால் சின்னதாக மின்னும்.

வெளியே வந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கை தடவித்தான் போக வேண்டும். இரண்டாவது படிக்கட்டு எங்கே, அது பூட்டிக் கிடக்கிறதா, பழைய மெத்தை அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2019 பிப்ரவரி 12 அதிகாலை தில்லி கரோல் பாக்கில் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே ஒற்றைப் படிக்கட்டோடு நிற்கும் லாட்ஜுகள் நம் ஊரிலும் உண்டு. வேறு எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஒரு குறைக்காக அறையை விடலாம்.

*குளியலறை (9 முதல் 12-வது நிமிடம் வரை).* நாற்றம் வந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். தரைச் சாக்கடை வாயின் கீழே வளைவில் எப்போதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல நாள் ஆள் இல்லாத அறையில் அது வற்றிவிடும். இரண்டு மக்குத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். நாற்றம் அடங்கினால் அறையில் பிழையில்லை. அடங்காவிட்டால் வளைவே வைக்காமல் கட்டியிருக்கலாம், வேறு அறை கேளுங்கள். கரப்பான் வருவதும் அதே வழியில்தான்.

ஃப்ளஷ்ஷை ஒரு முறை அழுத்தி, தண்ணீர் நின்றதும் காது கொடுங்கள். சன்னமாக ஒழுகும் சத்தம் பகலில் தெரியாது, இரவு 2 மணிக்கு அருவி மாதிரி கேட்கும். தரையில் ஒரு மக்குத் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். அது சாக்கடை வாய்க்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்தால், குளித்த பிறகு கட்டில் வரை ஈரம்தான்.

வெந்நீர்

சென்னை லாட்ஜ் புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும், பாதிக்குக் காரணம் கணக்கு தெரியாததும்தான். வழக்கமான 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 30 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 16 நிமிடம் எடுக்கும். 25 லிட்டர் என்றால் 26 நிமிடம். போட்ட ஐந்தாவது நிமிடத்தில் "சுடலை" என்று ரூம் பாயைக் கூப்பிடுவதில் பயனில்லை. 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீரை விளாவினால் 42 டிகிரியில் சுமார் 37 லிட்டர் கிடைக்கும். இரண்டு வாளிக்கும் கொஞ்சம் கூட. அதாவது இரண்டு பேர் வாளியில் குளிக்கலாம், இல்லையென்றால் ஒருவர் மட்டும் ஷவரில் நிற்கலாம். மூன்றாவது ஆள் இன்னொரு 16 நிமிடம் பொறுக்க வேண்டும். சுவரில் தொங்கும் கையடக்க 3 லிட்டர் கீசர் உடனே சுடும், ஆனால் குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்புதான். அதற்குக் குழாயைப் பாதி திறந்து வாளியில் பிடிப்பதே முறை.

கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தும் 20 நிமிடத்தில் சுடவில்லையா? உள்ளே உப்புப் படிந்திருக்கலாம். போர் தண்ணீர் உப்பு கம்பிச் சுருள் மேல் ஓடாகக் கட்டினால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது. பொரிவது போல் படபட சத்தம் அதற்கு அடையாளம். இப்படிப்பட்ட கீசரில் கம்பிச் சுருள் வெடித்து மின்கசிவு வர வாய்ப்புண்டு. எந்த லாட்ஜிலும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிப்பதே நல்லது. குழாயைத் தொட்டதும் சுருக்கென்றால் குளிக்கவே வேண்டாம், அறையை மாற்றுங்கள்.

வெந்நீர்க் குழாயில் மட்டும் நூல் மாதிரி வந்தால் கீசருக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் சின்னத் திருகு, பாதி மூடியிருக்கும். ரூம் பாய் ஒரு நிமிடத்தில் திறந்துவிடுவார். கைப்பிடி எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் சுடுகிறது என்பதும் சகஜம், பிளம்பர் மாற்றிப் பூட்டியிருப்பார்.

பொது பாய்லர் அல்லது சோலார் இருக்கும் இடத்தில் "காலை 6 முதல் 9 வரை" என்று ஒரு பலகை இருக்கும். மொட்டைமாடியிலிருந்து குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீர் முழுக்க வெளியே வந்த பிறகே சூடு வரும். அரை வாளிக்கு மேல் பிடித்து ஒதுக்க வேண்டியிருக்கும், அதையே விளாவ வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் 7 மணிக்குத் திறப்பார்கள், நீங்கள் 6 மணிக்குத் திறங்கள்.

சோப்பு நுரைக்கவில்லை என்றால் தண்ணீர் கடினம். கட்டிச் சோப்பைவிடத் திரவ பாடி வாஷ் இதில் நன்றாக நுரைக்கும். குடிக்க சீல் உடையாத பாட்டில் மட்டும். மேசையில் ஜக்கில் வைத்திருக்கும் தண்ணீர் கேனிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஏசி

ரிமோட்டில் "கூல்", 24 டிகிரி, காற்று வேகம் உச்சத்தில். 10 நிமிடம் கழித்து ஏசியில் காற்று வரும் இடத்தில் ஈரக் கையை வையுங்கள். வெடுக்கென்று குளிர வேண்டும். வெறும் காற்றாக வந்தால் முதலில் ரிமோட்டைப் பாருங்கள், முன்பு தங்கியவர் "ஃபேன்" நிலையில் விட்டுப் போயிருக்கலாம். மின்சாரம் போய் வந்திருந்தால் கம்ப்ரஸர் சுமார் 3 நிமிடம் கழித்துத்தான் ஓடத் தொடங்கும். இரண்டும் இல்லை என்றால் ஃபில்டர். ஸ்பிளிட் ஏசியின் முன் மூடியைத் தூக்கினால் வலை தெரியும். சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தால் கழுவி மாட்டச் சொல்லுங்கள், 10 நிமிட வேலைதான். அழுக்கு வலையோடு ஓடினால் காற்று போதாமல் உள்ளே பனிக்கட்டி கட்டி, நள்ளிரவில் குளிரே நின்றுவிடும். அப்படி ஆனால் அரை மணி நேரம் ஃபேன் நிலையில் மட்டும் ஓடவிடுங்கள், உருகிவிடும்.

ஏசிக்குக் கீழே சுவரில் மஞ்சள் வடு இருக்கிறதா? தண்ணீர் போகும் குழாய் பாசியில் அடைத்து, ஒழுகிய தடம் அது. வடுவுக்கு நேர் கீழே கட்டில் தலைமாடு இருந்தால் ராத்திரி முகத்தில் சொட்டும்.

1 டன் ஏசி ஏறத்தாழ 120 சதுர அடிக்குப் போதும். 12-க்கு 12 அறைக்கு, அதுவும் மேற்குச் சுவர் என்றால், ஒன்றரை டன் வேண்டும். பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். போதாத ஏசியை 18-ல் வைத்தால் கூடுதல் குளிர் வராது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26-ல் வைத்து சீலிங் ஃபேனை மெதுவாகப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

விண்டோ ஏசி என்றால் முகப்பில் வென்ட் என்று ஒரு சின்ன நெம்பு இருக்கும். திறந்திருந்தால் தெருப் புகை உள்ளே வரும், மூடிவிடுங்கள். பெட்டியைச் சுற்றி அடைத்த தெர்மோகோல் பெயர்ந்திருந்தால் கொசுவின் ராஜபாட்டை அதுதான், பழைய செய்தித்தாளைத் திணித்தால் போதும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதே இல்லை. மூடிய அறையில் மூன்று பேர் படுத்து, காலையில் தலை கனத்தால் காரணம் இதுதான். படுக்கும் முன்னும் எழுந்ததும் 10 நிமிடம் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

மின்வெட்டில் ஜெனரேட்டர் போடுவார்கள், ஏசிக்கு அது பெரும்பாலும் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டால் கிடைக்கும் வசதிகள்

அறிவிப்புப் பலகையில் எழுதாத வசதிகள்தான் இந்த அறைகளின் பலம். ரூம் பாயிடம் ஃப்ளாஸ்க்கையும் காசையும் கொடுத்தால் பக்கத்துக் கடை டிகிரி காப்பி, எண்ணிக்கைக்கு டம்ளரோடு வரும். இட்லி, சாப்பாட்டுப் பொட்டலம், மாத்திரை எல்லாம் அப்படியே. இஸ்திரிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் அன்றே திரும்பும். கூடுதல் வாளி, தலையணை, கொசுவிரட்டி எல்லாவற்றையும் இரவு 9 மணிக்கு முன் கேளுங்கள், அதற்குப் பிறகு ஸ்டோர் சாவி கையில் இருக்காது. இரவு ஷிப்ட் ஆளுக்கும் காலை ஷிப்ட் ஆளுக்கும் தனித்தனியாக அன்பளிப்பு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வைஃபை, டிவி இரண்டையும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சார்ஜர் பாயின்ட் கட்டிலிலிருந்து எட்டாது, 2 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்று பையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

காலி செய்யும்போது

24 மணி நேரக் கணக்கென்றால் அரை மணி முன்னதாக ரிசப்ஷனுக்குச் சொல்லிவிடுங்கள். ரூம் பாய் வந்து துண்டு, ரிமோட், பெட்ஷீட்டை எண்ணிப் பார்க்கும்வரை முன்பணம் திரும்பாது, ரயிலுக்கு நேரமாகும்போது இது இழுத்துவிடும். ஏற்கெனவே கறையோ கிழிசலோ இருந்திருந்தால், நுழைந்ததும் அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இப்போது கைகொடுக்கும். பில்லில் அறைக்குக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக இருந்தால், சண்டை போட்டுப் பயனில்லை. ஹோட்டல்கள் அப்படி விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் இரவு 9 மணிக்கு, அறை காலையோடு முடிகிறது என்றால், பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே வைத்துக்கொள்வார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பையும் நகையையும் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.